ஆறாம் வகுப்பை யார் பார்ப்பது?

மே மாதம் வந்துவிட்டால் தலைமையாசிரியரிடம் ஊரே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "டென்த் ரிசல்ட் எவ்வளவு?" பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். மாவட்டக் கூட்டத்தில் திரையில் வருகிற முதல் அட்டவணையும் அதுதான். நூறு சதவீதம் என்றால் சால்வை, குறைந்தால் எழுந்து நின்று விளக்கம். கேட்பதில் தப்பே இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்கு பாலிடெக்னிக் கிடையாது, பிளஸ் ஒன் கிடையாது. ஆனால் "உங்க ஆறாம் வகுப்புல எத்தனை பிள்ளைங்க தமிழைத் தடங்கல் இல்லாம வாசிக்கிறாங்க?" என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என்னுடையது தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை. பெற்றோரில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள், கொத்தனார்கள், சித்தாள்கள். சிலர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் பாட்டி வீட்டில். நான் கணக்கு ஆசிரியையாக இருந்து தலைமையாசிரியை ஆனவள். இந்த நாற்காலிக்கு வந்த பிறகு எனக்குள் உறுதியாகிப்போன எண்ணம் ஒன்று உண்டு: பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஆறாம் வகுப்பில்தான் உருவாகிறது. ஆறில் வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஏழில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறது. எட்டில் கடைசி பெஞ்சுக்குப் போகிறது. ஒன்பதில் வாரத்துக்கு இரண்டு நாள் லீவு. பத்தில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறுகிறது. அதற்கப்புறம்தான் நாம் காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ் வைத்து அந்தப் பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறோம்.

2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குள் வந்தார்களே, அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வருடம் 2020. அந்த மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதாவது இவர்கள் பள்ளிக்கூட வாசலை ஒழுங்காக மிதித்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி போய்விட்டது. 'அ' எழுதக் கையைப் பிடித்துக் கொடுத்த ஆசிரியை இவர்களுக்கு இல்லை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் சாயங்காலத் திண்ணைகளில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தத் தலைமுறை கடன்பட்டிருக்கிறது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது இவர்கள் மூன்றாம் வகுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் கதையும் அட்டையுமாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பாடுபட்டதில் நிறையப் பேர் மேலே வந்துவிட்டார்கள். எல்லாரும் வரவில்லை. மிச்சப் பேரைக் கைதூக்கிவிட வேண்டியது எங்கள் வேலை. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் நுழைந்த முதல் நாளே நாங்கள் ஐந்து பாடம், ஐந்து ஆசிரியர், நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு மணி என்று அந்தப் பிள்ளையைச் சுற்றலில் விட்டுவிடுகிறோம். வகுப்பாசிரியர் என்று ஒருவர் இருந்தாலும், 'இந்தப் பிள்ளை என் பொறுப்பு' என்று முழுதாகச் சொல்ல ஆளில்லை.

ஒரு பையன் இருந்தான். கணக்கு வராது என்று ஐந்தாம் வகுப்பிலிருந்தே பேர் வாங்கிக்கொண்டு வந்தவன். 24-ஐ 6-ஆல் பெருக்கு என்று போர்டில் போட்டால் போட்டுவிடுவான். அதையே 'ஒரு பெட்டியில் 24 மாம்பழங்கள் உள்ளன, அதுபோன்ற 6 பெட்டிகளில் உள்ள மொத்த மாம்பழங்கள் எத்தனை' என்று புத்தகத்தில் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் "நூத்தி நாப்பத்தி நாலு டீச்சர்" என்றான். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். தமிழ் வாசிக்கத்தான் வராது. அது தெரியாததால் அவனுக்குக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மார்க் குறைந்துகொண்டிருந்தது.

ஆகவே ஜூன் மாதத்தில் எங்கள் பள்ளியில் முதலில் நடப்பது வாசிப்புப் பார்ப்பது. பேப்பர் கொடுத்து எழுதவைக்கும் டெஸ்ட் இதற்கு உதவாது. ஒவ்வொரு பிள்ளையாக மரத்தடிக்குக் கூப்பிட்டு, ஒரு பத்தி, ஒரு வாக்கியம், சில சொற்கள், சில எழுத்துகள் என்று நான்கு தாள் வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்வோம். தனியாகக் கூப்பிடுவது முக்கியம். முப்பது பேர் முன்னால் திக்கித் திக்கி வாசித்து ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை, பிறகு வாசிக்கத் தெரிந்தாலும் எழுந்து நிற்காது. பிறகு தினமும் முதல் பீரியட் முழுப் பள்ளிக்கும் வாசிப்பு. அந்த நேரத்தில் ஆறு, ஏழு வகுப்புகளைக் கலைத்து, வயதைப் பார்க்காமல் எந்த நிலையில் வாசிக்கிறார்களோ அந்தக் குழுவில் உட்கார வைக்கிறோம்.

இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 'பிரதம்' அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் இந்த வழியைச் செய்து பார்த்தது. அதை அளந்து பார்த்து, பலன் இருக்கிறது என்று காட்டியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் உண்டு. 2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பு என்பது பதிவேட்டுக்குச் சரி, எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளைக்கு அதன் நிலைக்கேற்ற பாடம்தான் உதவும் என்பது அதன் சாரம். இப்போது அரசும் 'திறன்' என்ற பெயரில் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு இந்தத் திசையில் வந்திருக்கிறது. எனக்கு நிம்மதி. மேலிடத்திலிருந்து சர்குலர் வந்தால் நான் ஆசிரியர்களிடம் வாதாடும் நேரம் மிச்சமாகும்.

வாதம் வராமல் இருக்குமா? "டீச்சர், தினம் ஒரு பீரியட் போச்சுன்னா சிலபஸை யார் முடிக்கிறது?" என்று எங்கள் அறிவியல் சார் கேட்டார். நியாயமான கேள்வி. பருவம் முடிவதற்குள் அவர் பாடத்தை முடித்தாக வேண்டும், வினாத்தாள் மாவட்டத்திலிருந்து வரும். நான் அவரிடம் கேட்டது, "முடிச்ச பாடத்தை எத்தனை பேர் தானா எடுத்து வாசிப்பாங்க சார்?" அவர் பதில் சொல்லவில்லை, யோசித்தார். செப்டம்பர் வாக்கில் அவரே வந்து, "இப்ப நான் பாடத்தை வாசிச்சுக் காட்ட வேண்டியதில்ல டீச்சர், அவங்களே வாசிச்சுட்டு வர்றாங்க, எனக்கு நேரம் மிச்சம்" என்றார். எல்லாப் பிள்ளையும் என்று சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் அப்படி வந்தார்கள். அந்தப் பாதியே ஒரு வகுப்பின் முகத்தை மாற்றப் போதும்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் மெல்லிசாக, படத்தோடு வந்திருக்கின்றன. 'தேன்சிட்டு' சிறார் இதழ் வருகிறது. இவையெல்லாம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயம்தான் பூட்டு. நான் எங்கள் ஆசிரியர்களிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன்: பிள்ளை கையில் கிழிந்த புத்தகத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம், இருப்புப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன். கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் தொங்கவிட்டோம். இடைவேளையில் உருவிக்கொண்டு போகிறார்கள், திரும்ப மாட்டுகிறார்கள்.

இனி வகுப்பறைக்குள் வருகிறேன். நம் வகுப்பறைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆசிரியர் பாதிச் சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், பிள்ளைகள் மீதியை முடிப்பார்கள். "ஒளிச்சேர்க்கை நடைபெறும் இடம் பசுங்...?" "கணிகம்!" "காந்தியடிகள் பிறந்த ஊர் போர்...?" "பந்தர்!" வராந்தாவில் போகிறவர் காதுக்கு ரொம்ப உற்சாகமான வகுப்பு. பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், முன் இரண்டு பெஞ்சில் ஏழெட்டுப் பேர் சொல்கிறார்கள், நடுவில் இருப்பவர்கள் கடைசி எழுத்தில் சேர்ந்துகொள்கிறார்கள், பின்னால் வாய் மட்டும் அசைகிறது. கடைசியில் "புரிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி. "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரல். புரியவில்லை என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமே இல்லை. அப்படிச் சொல்கிற பிள்ளைக்கு அத்தனை பேர் முன்னால் என்ன தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

"புரிஞ்சுதா" என்ற கேள்வியை எங்கள் பள்ளியில் எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் சிலேட்டு வைத்திருக்கிறோம். ஆமாம், ஒன்றாம் வகுப்பில் வைத்திருப்போமே, அதே சிலேட்டுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு சரியாகிவிட்டது. ஆசிரியர் கேள்வி கேட்பார். எல்லாரும் எழுத வேண்டும், "காட்டு" என்றதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? ஆறாம் வகுப்பில் இதைக் கேட்டபோது பாதிக்கு மேற்பட்ட சிலேட்டுகளில் நான்கில் ஒன்று என்று இருந்தது. நான்கு மூன்றைவிடப் பெரிசு அல்லவா, அதனால். வாயால் கேட்டிருந்தால் முன் பெஞ்சுப் பிள்ளை சரியான விடையைச் சொல்லியிருக்கும், வகுப்பு கைதட்டியிருக்கும், பாடம் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். சிலேட்டைப் பார்த்ததும் கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு அதிரசம் இருக்கு. மூணு பேர் பங்கு போட்டா உனக்கு நிறையக் கிடைக்குமா, நாலு பேர் பங்கு போட்டா நிறையக் கிடைக்குமா? பக்கத்துல பேசுங்க" என்றார். இரண்டு நிமிடம் வகுப்பு இரைந்தது. திரும்ப எழுதச் சொன்னார். சிலேட்டுகள் மாறியிருந்தன. ஏன் மாற்றினாய் என்று ஒரு பெண்ணைக் கேட்டதற்கு, "ஆளு கூடக்கூடத் துண்டு சின்னதாவும் டீச்சர்" என்றாள். பின்னம் என்கிற பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது, அதை ஒரு பிள்ளை சொன்னது.

சிலேட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. தப்பை அழித்துவிடலாம். நோட்டில் சிவப்பு மையில் சுழித்த தப்பு வருடம் முழுக்க நிற்கும்.

கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது அடுத்த விஷயம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் இதை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். காசு செலவில்லாத, யார் அனுமதியும் தேவைப்படாத மாற்றம் இது. ஆனால் செய்து பார்த்தால் கஷ்டம். மௌனம் ஆசிரியருக்குப் பதற்றம் தரும். எங்கள் சமூக அறிவியல் டீச்சர் மனதுக்குள் ஐந்து வரை எண்ணப் பழகிக்கொண்டார். ஒருநாள் அவர் ஏழாம் வகுப்பில், "மேட்டூர் அணையை ஜூன் 12-ல திறக்கலைன்னா நம்ம ஊர்ல யாருக்கெல்லாம் கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு நின்றார். "விவசாயிக்கு" என்று முன்னால் ஒரு குரல். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு இன்னும் நின்றார். பின்னாலிருந்து, அதுவரை நான் குரலே கேட்டிராத ஒரு பெண் எழுந்து, குறுவை இல்லையென்றால் அம்மாவுக்கு நடவு வேலை இல்லை, சங்கத்தில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாது, கடைக்காரர் மளிகையைக் கடனுக்குத் தரமாட்டார் என்று வரிசையாகச் சொன்னாள். ஒரு பொருளாதாரப் பாடம் முழுக்க அவளிடம் இருந்தது. அதற்கு நாம் கொடுக்க வேண்டியிருந்தது சில விநாடிகள்.

நோட்டு எழுதுவதைப் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் போர்டில் வினா விடை எழுதுவார், நாற்பது பேரும் பார்த்து எழுதுவார்கள், திருத்திச் சிவப்பு டிக் போடப்படும், ஆய்வுக்கு வருகிற அதிகாரி புரட்டிப் பார்த்து 'குட்' என்று எழுதுவார். நாற்பது நோட்டிலும் ஒரே வாக்கியம் இருந்தால் அங்கே கையெழுத்துப் பயிற்சி நடந்திருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கேள்வியாவது புத்தகத்தில் பதில் இல்லாததாக, பிள்ளை தானே யோசித்து எழுதுவதாக இருக்க வேண்டும். அதில் எழுத்துப் பிழை இருக்கும், வாக்கியம் கோணலாக இருக்கும். ஆய்வின்போது கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான், ஆசிரியர் அல்ல. அந்தப் பக்கத்தின் கீழே என் கையெழுத்து இருக்கும். தலைமையாசிரியர் முன்னால் நின்று பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் ஆசிரியரைப் புதிதாகச் செய்து பார்க்கச் சொல்வது நியாயமே கிடையாது.

இங்கே தலைமையாசிரியரின் நேரம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எமிஸ் இணையப் பதிவு, உதவித்தொகைக்கு ஆதார் இணைப்பு, கட்டடப் பழுது, கூட்டம், திரும்ப அதே விவரம் வேறு படிவத்தில். ஒரு நாள் முழுக்க இதில் போய்விடும்; போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வகுப்புக்குப் போகவில்லை என்றாலும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் பிடிவாதமாக இரண்டை வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடம் நானே எடுக்கிறேன். இன்னொன்று, தினமும் ஏதாவது ஒரு வகுப்பில் பின் பெஞ்சில் ஒரு பீரியட் முழுக்க உட்காருகிறேன். கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவதில் ஒன்றும் தெரியாது.

உட்காரும்போது ஆசிரியரைப் பார்க்கமாட்டேன், பிள்ளைகளைப் பார்ப்பேன். இது எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. இரண்டு பிள்ளைகளை மனதில் வைத்துக்கொண்டு அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுவேன்: எத்தனை முறை பேசினார்கள், எந்த இடத்தில் கண் ஜன்னலுக்குப் போனது, எந்த இடத்தில் புத்தகத்துக்குத் திரும்பியது. அந்தத் தாளை மேலே அனுப்புவதில்லை, ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன். "சார், நீங்க காந்தத்தை மேசையில வச்சதும் இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், நோட்ஸ் சொல்ல ஆரம்பிச்சதும் சாஞ்சுட்டான்" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அவரவர் வகுப்பை அவரவர் வேறொரு கண்ணால் பார்த்ததுபோல் ஆகிவிடுகிறது. ஜப்பானில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுகிற வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. எங்களுக்கு நாலைந்து பேரை ஒரே நேரத்தில் விடுவிக்க ஆள் கிடையாது. இரண்டு பேராகச் செய்கிறோம். தமிழ் டீச்சர் கணக்கு வகுப்பில் போய் உட்காருகிறார், கணக்கு டீச்சர் தமிழுக்கு. வேறு பாடக்காரர் உட்காருவதில் ஒரு லாபம்: அவருக்கும் அந்தப் பாடம் புதிது, பிள்ளை எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்கால ஸ்டாஃப் மீட்டிங்கில் சர்குலர் வாசிப்பதைப் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு ஏதாவது புத்தகம் பேசுகிறோம். கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' பேசினோம். வக்கீலாக இருந்து பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி நடத்தியவர் அவர். அந்தக் கதையில் வரும் ஆசிரியர் நாலாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாடப் புத்தகத்தைத் தொடாமல் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். பேராசிரியர் ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' பேசினோம். ஆசிரியர்களிடம் அடிபடும் மாணவியின் கதையான இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் பேசிய அன்று அறையில் நீண்ட நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது, எல்லாருக்கும் தெரியும். 'ஆயிஷா' படித்தவருக்குச் சட்டத்தை நினைவுபடுத்தத் தேவையில்லை.

பெஞ்சுகளை 'ப' வடிவில் போடுவது பற்றி 2025 ஜூலையில் பெரிய விவாதம் நடந்தது. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் தொடங்க, நம் துறையிலும் அறிவுரை வந்தது. கழுத்து வலிக்கும், போர்டு தெரியாது என்று எதிர்ப்பும் வந்தது. என் கருத்து: கலந்து பேசும் வகுப்புக்கு அது நல்லது, போர்டைப் பார்த்து எழுதும் வகுப்புக்கு வேண்டாம். எங்கள் அறைகளில் நாற்பது பேரை அப்படி உட்கார வைத்தால் நடுவில் நடக்க இடமில்லை. வாரம் ஒருமுறை மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். அதைவிட முக்கியம், பெஞ்சு எப்படி இருந்தாலும் இடம் சுழல வேண்டும். ஒரு பிள்ளை வருடம் முழுக்க கடைசியிலேயே இருக்கக் கூடாது.

பிள்ளை வகுப்பில் ஈடுபடவில்லை என்றால் நாம் முதலில் ஆசிரியரைக் குறை சொல்கிறோம், அடுத்து செல்போனை. வயிற்றைப் பார்க்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரைதான். ஏப்ரல் வரை காலையில் கிச்சடியோ உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, ஜூனில் எங்களிடம் ஆறாம் வகுப்புக்கு வரும்போது அது நின்றுவிடுகிறது. அம்மா விடியுமுன்னே நடவுக்குப் போயிருப்பார். இரண்டாவது பீரியடில் மேசையில் தலை சாய்வதை நான் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைச் சொன்னபோது, முன்னாள் மாணவர்கள் சிலர் முன்வந்தார்கள். இப்போது காலை இடைவேளையில் ஆறாம் வகுப்புக்கு மட்டும் சுண்டல். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் பச்சைப்பயறு. இது ஊராரின் கருணையில் நடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். காலை உணவு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும் என்று நான் போகிற எல்லாக் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீரும் அப்படித்தான். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க 'வாட்டர் பெல்' அடிக்கிறோம், நல்ல யோசனை. ஆனால் கழிப்பறை சுத்தமாக இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள், மணி எத்தனை அடித்தாலும். மதியம் தலைவலி என்று படுத்துக்கொள்கிற பெண்களில் பாதிப் பேர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கமாட்டார்கள். தூய்மைப் பணியாளர் ஒருநாள் வரவில்லை என்றால் அன்றைக்கு எனக்கு அதுதான் முதல் வேலை. கற்பித்தலை மேம்படுத்துகிற வேலையாகவே அதைக் கருதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் வருகைப் பதிவேட்டைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். முகூர்த்த நாளில் வகுப்பு பாதி காலி. கேட்டரிங் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பந்தி பரிமாற. ராத்திரி முழுக்க நின்று, சில நூறு ரூபாயும் சாப்பாடும். மறுநாள் வந்தாலும் தூக்கம். வீட்டுக்குப் போய்ப் பேசினோம், தொடர்ந்து பேசுகிறோம். பள்ளி நாளில் வேண்டாம் என்பதைச் சில வீடுகள் ஏற்றுக்கொண்டன, சில வீடுகளில் அந்தப் பணம்தான் கேஸ் சிலிண்டர். ஆனால் இந்தப் பையன்களைத் திட்டி உட்கார வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் கணக்கு டீச்சர் விகிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, "ஐந்நூறு பேர் பந்திக்கு எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு பருப்பு, வாழையிலைக் கட்டு எத்தனை?" என்று இவர்களைத்தான் கேட்டார். வகுப்பில் வாயே திறக்காதவன் போர்டுக்கு வந்து எழுதினான். கூட்டம் ஐம்பது கூடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, ரசத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கணக்குச் சொன்னான். அவனுக்கு மரியாதை கிடைத்த முதல் பீரியட் அதுவாக இருக்கலாம். அடுத்த முகூர்த்தத்துக்கும் போனான், ஆனால் மறுநாள் வகுப்புக்கு வந்தான், விடுபட்ட கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பத்தாம் வகுப்பை விட்டுவிட்டீர்களா என்று கேட்பீர்கள். விடவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் உண்டு, குறைந்தபட்சக் கற்றல் கையேடும் உண்டு. ஆனால் பள்ளியின் மொத்தச் சத்தையும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரே வகுப்பில் கொட்டிவிட்டு, ஆறாம் வகுப்பை 'சும்மா உட்கார்ந்து படிங்க' என்று லீடரிடம் ஒப்படைக்கிற வழக்கத்தை நிறுத்திவிட்டோம். பத்தாம் வகுப்புக்கு யார் எடுப்பது என்று ஆசிரியர்களுக்குள் இருக்கும் கௌரவப் பிரச்சினையும் எனக்குத் தெரியும். அனுபவம் மிக்கவருக்குப் பத்தாம் வகுப்பு, புதிதாக வந்தவருக்கு ஆறாம் வகுப்பு என்பது எழுதாத சட்டம். நான் அதைத் திருப்பிப் போட்டேன். எங்களில் மிகப் பொறுமையான, பிள்ளைகளின் தவறைப் பார்த்து முகம் சுளிக்காத தமிழாசிரியைதான் ஆறாம் வகுப்பு வகுப்பாசிரியை. முதலில் அவருக்கே மனக்குறை, தன்னைத் தாழ்த்திவிட்டேன் என்று. இப்போது அந்த வகுப்பை விட்டுத்தரமாட்டேன் என்கிறார்.

சக தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் கால அட்டவணை போடும்போது பேனாவை எடுத்து முதலில் ஆறாம் வகுப்பின் கட்டங்களை நிரப்புங்கள். உங்கள் பள்ளியின் சிறந்த ஆசிரியரின் பெயரை அங்கே எழுதுங்கள். அதில் ஒரு கட்டத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். பத்தாம் வகுப்பை அதற்கப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.